சேர்ந்த மூன்றே மாதத்தில் ஆட்கள் நின்றுவிடுவது ஏன்? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

மனிதவளப் பிரிவு:
மூன்று மாதத்துக்குள் ஒருவர் வேலையை விட்டால், கோளாறு பெரும்பாலும் நேர்காணலில்தான். வேலையின் சலிப்பான பாதியை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மாதக் கடைசியில் கணக்கு முடிய இரவாகும், வாடிக்கையாளரின் கோபத்துக்கு நேரில் பதில் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் முன்பே சொல்லிவிடுங்கள். கேட்டுவிட்டுச் சிலர் வரமாட்டார்கள். அது நஷ்டமில்லை.

எல்லாரிடமும் அதே ஐந்தாறு கேள்விகளை அதே வரிசையில் கேளுங்கள். "தாமதத்தை எப்படிச் சமாளிப்பீர்கள்?" என்றால் மனப்பாடப் பதில் வரும். "கடைசியாகச் சரக்கு தாமதமானபோது யாரிடம் முதலில் சொன்னீர்கள்?" என்றால் நடந்தது வரும். கேட்பவர்கள் தனித்தனியே மதிப்பெண் போட்ட பிறகே கலந்து பேச வேண்டும். முதலாளி முதலில் வாய் திறந்தால் எல்லா மதிப்பெண்ணும் அவர் பக்கம் சாயும். 2022-இல் உளவியலாளர் பால் சாக்கெட்டின் குழுவினர் பழைய ஆய்வுகளை மறுபடி கணக்கிட்டபோது, ஒருவர் எப்படி வேலை செய்வார் என்பதைக் கணிப்பதில் இப்படிக் கட்டமைத்த நேர்காணலே முதலிடம் பெற்றது.

உற்பத்திப் பிரிவு மேலாளர்:
அதோடு, ஒரு மணி நேரம் செய்துகாட்டச் சொல்லுங்கள். பிழையுள்ள வரைபடத்தைக் கொடுத்தால், பிழையைக் கண்டுபிடிக்கிறாரா, கண்டதும் கேட்கிறாரா, தானே திருத்திவிட்டுப் பேசாமல் இருக்கிறாரா என்று தெரியும். மூன்றாவது வகை ஆபத்து.

சேரும் நாளுக்கு முன்பே கணினி, கடவுச்சொல், சந்தேகம் கேட்க ஓர் ஆள், மூன்றும் தயாராக இருக்கட்டும். முதல் வாரத்திலேயே முழுதாக முடிக்கக்கூடிய சிறு வேலை ஒன்று கொடுங்கள். 30, 60, 90-ஆம் நாட்களில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். பலரும் 90-ஆம் நாள்தான் பேசுகிறார்கள். அதற்குள் அவர் வேறு இடம் தேடியிருப்பார்.

இன்னொன்று, கை தேர்ந்தவரை உடனே மேற்பார்வையாளர் ஆக்காதீர்கள். ஆட்களை நடத்துவது வேறு திறமை. மேற்பார்வைக்குப் போகாமலே சம்பளமும் பதவியும் உயர ஒரு வழி வேண்டும்.

சம்பளக் கணக்கு பார்ப்பவர்:
பழையவர்கள் போவதற்கு நான் அடிக்கடி பார்க்கும் காரணம், புதியவருக்கு அதே வேலைக்குக் கூடுதல் சம்பளம். அது ஒருநாள் கண்டிப்பாக வெளியே தெரியும். புதியவருக்குக் கடிதம் போகும் முன் அதே பதவியில் இருப்பவர்களின் சம்பளத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளி இருந்தால் அவர்களுடையதை முதலில் சரிசெய்யுங்கள். ராஜினாமா வந்த பிறகு ஏற்றிக் கொடுத்தால், ஏற்றம் வேண்டுமானால் ராஜினாமா கொடுக்க வேண்டும் என்று மற்றவர்கள் கற்றுக்கொள்வார்கள். "நீங்கள் போவதாக இருந்தால் எதற்காகப் போவீர்கள்?" என்பதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரிடமும், அவர் வேலையில் இருக்கும்போதே கேளுங்கள். கேட்டதில் ஒன்றையாவது அந்த மாதமே செய்யுங்கள். செய்ய முடியாததை முடியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.