தெக்கேவீடு குடும்பக் குழு: மாமாவும் பன்னியும்

அத்தை (காலை 5:12): நேற்று ராத்திரியும் மாமா கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். "பன்னி, பன்னி" என்று கத்திச் சுவரில் ஒரு உதை. அடி ஒன்றுமில்லை.

சித்தப்பா: கெட்ட கனவுக்கு இரும்பு நல்லது. ரப்பர் பால்வெட்டும் கத்தியைத் தலைமாட்டில் வையுங்கள்.

நான்: கத்தியா! உதைக்கிற ஆளுக்குக் கையெட்டும் இடத்திலா?

பெரியண்ணன் (மஸ்கட்): மாமாவுக்குப் பார்கின்சன் (நடுக்க நோய்) அல்லவா, அதனால் கூகுளில் எதை எவ்வளவு தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ் பார்த்தேன். பார்கின்சன், தூக்கம் என்று தேடுவது 100-ஐத் தொட்டிருக்கிறது. நோய் பெருகுகிறதோ?

நான்: 100 என்பது ஆள் கணக்கு இல்லை அண்ணா. நாம் பார்க்கும் காலத்துக்குள் தேடல் உச்சத்துக்குப் போன இடத்தை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதை அளப்பார்கள். ஏப்ரல் 11 பார்கின்சன் தினம். அப்போது செய்தி வந்தாலும் கோடு ஏறலாம்.

அத்தை: ராத்திரி 2 மணிக்கு நானும் தேடினேன். "தூக்கத்தில் உதைப்பது ஏன்" என்றாக்கும் போட்டேன்.

நான்: அதில் பார்கின்சன் என்ற சொல்லே இல்லையே, அப்படியானால் அண்ணன் பார்த்த கோட்டில் அத்தை இருக்கவே மாட்டீர்கள் 😄

நான்: கனவு காணும்போது மூளை நம் கைகால் தசைகளைத் தளர்த்திப் போட்டுவிடும். மாமாவுக்கு அந்தப் பூட்டு விழவில்லை. 1986-ல் அமெரிக்காவில் ஷெங்க், மஹோவால்ட் என்ற டாக்டர்கள் இதைத் தனிக் கோளாறாக எழுதினார்கள். சிலருக்கு நடுக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பே இது வந்துவிடும்.

அத்தை: மக்களே, மாமா பத்து வருடமாக உதைக்கிறார். நடுக்கம் போன வருடம்தான். அன்றைக்கெல்லாம் சிரித்துக்கொண்டே நடுவில் தலையணை வைத்தேன்.

சித்தப்பா: நானும் உதைப்பதாக உன் சித்தி சொல்லுவாள். எனக்கும் வருமோ?

நான்: உதைக்கிற எல்லாருக்கும் வராது சித்தப்பா. மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளாலும் இப்படி ஆகும். டாக்டரிடம் சொல்லிவையுங்கள்.

பெரியண்ணன்: மாமாவுக்கு ராத்திரி மாத்திரையை நிறுத்திப் பார்த்தால்?

நான்: வேண்டவே வேண்டாம். அது பார்கின்சனுக்குத் தரும் லெவோடோபா. அதன் வேகம் குறைந்தால் உடம்பு விறைத்துப் புரண்டு படுக்கக்கூட முடியாது. கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும்.

நான்: அத்தை, மெத்தையைத் தரையில் போடுங்கள். ஸ்டூல், கண்ணாடி டம்ளர் எல்லாம் தள்ளிவையுங்கள். உதைக்கும்போது செல்லில் வீடியோ எடுங்கள். வியாழக்கிழமை ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கு நானும் வருகிறேன், காட்டிவிடலாம்.

அத்தை: வீடியோவா? அவர் வாயில் வருவது எல்லாம் நல்ல வார்த்தை இல்லையே மக்களே.

பெரியண்ணன்: குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள் 🙏

அத்தை: சரி, மாமா எழும்பிவிட்டார். பன்னி ஓடிவிட்டதாம். கட்டன் சாயா கேட்கிறார்.