புதுப்பிப்பு: சர்டிபிகேட்டா, அனுபவமா?

லினக்ஸ் சப்போர்ட்டில் வருடக்கணக்கில் இருக்கிறேன், ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) தரும் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் சர்டிபிகேட் தேர்வு எழுதலாமா, இல்லை அனுபவமே போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். எழுதி பாஸ் ஆகிவிட்டேன். 65 கேள்வி, 130 நிமிடம், ஆயிரத்துக்கு 720 எடுத்தால் போதும். கட்டணம்தான் 150 டாலர், வரி தனி.

சரி, பலன்? ரெஸ்யூமேயில் சேர்த்ததும் எச்ஆர் அழைப்புகள் வர ஆரம்பித்தன, அது உண்மை. ஆனால் டெக்னிக்கல் ரவுண்டில் அதைப் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லை. "டிஸ்க்ல இடம் இருக்கு, ஆனா ஃபைல் எழுத முடியலை, என்ன பார்ப்பீங்க?" என்றார் ஒருவர். ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்கில் ஒதுக்கப்படும் பதிவு) தீர்ந்திருக்கும், டிஎஃப் மைனஸ் ஐ (df -i) கமாண்ட் போட்டுப் பார்ப்பேன் என்றேன். குட்டிக் குட்டி செஷன் ஃபைல்கள் லட்சக்கணக்கில் குவிந்து நடுராத்திரி சர்வர் படுத்ததைப் பார்த்தவனுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்புறம்தான் பேச்சே சூடுபிடித்தது.

டம்ப் (வெளியே கசிந்த தேர்வுக் கேள்வி-பதில் தொகுப்பு) படித்து எழுதச் சொன்னவர்களுக்கு: வேண்டாம், இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். அடுத்து சிகேஏ (கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் மென்பொருளுக்கான அட்மின் சர்டிபிகேட்) எழுதப்போகிறேன், அது இரண்டு மணி நேரமும் டெர்மினலில் செய்து காட்ட வேண்டிய தேர்வு. அந்த சர்டிபிகேட் இரண்டு வருடத்தில் காலாவதி ஆகிவிடும் என்பதுதான் கடுப்பு. ஆஃபர் லெட்டர் இன்னும் வரவில்லை.