டிடிமியம் போட்டால் போதுமா?

புதுச்சுடர்: எரிவாயு டார்ச்சில் போரோசிலிகேட் (வெப்பம் தாங்கும் கண்ணாடி) வேலை தொடங்கப் போகிறேன். நியான் குழாய் வளைக்கவும் ஆசை. மஞ்சள் சுடரை மறைக்கும் டிடிமியம் மூக்குக்கண்ணாடி ஒன்றே இரண்டுக்கும் போதும் என்கிறார்களே, சரியா?

குழாய்வளைப்பான்: நியானுக்கு டிடிமியமே வேண்டாம். பெரும்பாலும் நாங்கள் வளைப்பது ஈயக்கண்ணாடிக் குழாய், அதில் மஞ்சள் சுடர் அவ்வளவாக எழாது. மாறாக, சுடரின் நிறம் சரியாகத் தெரிந்தாக வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் ஈயம் கறுத்துவிடும். டிடிமியம் நிறத்தையே மாற்றிக் காட்டும். பக்கத் தடுப்புள்ள தெளிவான பாலிகார்பனேட் போதும்.

உலைக்கனல்: எதற்குப் போதும்? சில்லுக்குப் போதும், வெப்பத்துக்கு இல்லை. டிடிமியமும் அப்படித்தான். அதிலுள்ள நியோடிமியமும் பிரசியோடிமியமும் 589 நானோமீட்டர் பக்கத்துச் சோடியம் மஞ்சளை விழுங்குவதால் உருகும் கண்ணாடி தெளிவாகத் தெரிகிறது. அகச்சிவப்பு தாராளமாக உள்ளே போகும். பார்வை வசதியைப் பாதுகாப்பு என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். கண்ணாடித் தொழிலாளிகளுக்குக் கண்புரை வருவதைத் தடுக்கத்தான் வில்லியம் குரூக்ஸ் 1913 வாக்கிலேயே வெப்பக்கதிரை வடிகட்டும் கண்ணாடிகளை ஆராய்ந்தார்.

குழாய்வளைப்பான்: அது நாள் முழுக்க உலை வாயைப் பார்த்து நின்றவர்கள் கதை ஐயா. எங்களுக்குக் குழாய் சூடாவது சில நொடி, அப்புறம் கண் வளைக்க வேண்டிய எழுத்தின் வரைபடத்தின் மேல்தான். உண்மையான ஆபத்து பாம்பார்டிங்கில், அதாவது மின்சாரத்தால் குழாயைச் சூடேற்றும் கட்டத்தில், இருக்கிறது. ஆயிரக்கணக்கான வோல்ட் பாய்ச்சி, காற்றை இழுத்த குழாயைச் சூடேற்றும்போது விரிசல் இருந்தால் உடைந்து சிதறும். அங்கே கறுப்புக் கண்ணாடி போட்டுத் தடவிக்கொண்டிருக்க முடியுமா?

உலைக்கனல்: பாம்பார்டிங்குக்குத் தெளிவானதுதான், அதில் சண்டையில்லை. ஆனால் நீளவாக்கில் சுடர் எரியும் ரிப்பன் பர்னர் முன்னால் வருடக்கணக்கில் உட்காருகிறவருக்கு ‘சில நொடி’ என்ற கணக்கு எனக்கு ஒப்பவில்லை. அவை சேர்ந்துகொண்டே போகும். புதுச்சுடர், போரோசிலிகேட்டுக்கு டிடிமியத்தோடு ஷேட் 3 (ஷேட் என்பது லென்ஸின் இருட்டளவு) பச்சை வடிகட்டி சேர்ந்ததை வாங்குங்கள். குவார்ட்ஸ் பக்கம் போனால் அதுவும் பற்றாது. வெண்ணிறமாக ஒளிரும், புற ஊதாவும் வரும். ஷேட் 5, அதற்கு மேலும் தேவைப்படலாம்.

புதுச்சுடர்: என்னிடம் நல்ல கறுப்பு வெயில் கண்ணாடி இருக்கிறது. அதை வைத்துச் சமாளிக்கலாமா?

உலைக்கனல்: தயவுசெய்து வேண்டாம். இருட்டில் பாவை விரியும். லென்ஸ் அகச்சிவப்பைத் தடுக்காவிட்டால் வெறும் கண்ணை விட அதிக வெப்பம் உள்ளே போகும். நிறத்தை நம்பாதீர்கள், லென்ஸில் பொறித்திருப்பதைப் படியுங்கள். கண் பாதுகாப்புக்கான அமெரிக்கத் தரமான இசட்87-இல் ‘+’ இருந்தால் மோதல் தாங்கும். டபிள்யூ எழுத்தோடு வரும் எண்தான் வெல்டிங் ஷேட்.

குழாய்வளைப்பான்: படிக்கட்டும். ஆனால் ஷேட் 3-ஐப் போட்டுக்கொண்டு ஒரு எழுத்தைக் கோட்டின் மேல் துல்லியமாக வளைத்துக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

உலைக்கனல்: மேலே தூக்கி விடுகிற மாதிரி ஃபிரேம் கிடைக்கிறது. சூடாக்கும்போது இறக்குங்கள், வளைக்கும்போது தூக்குங்கள்.

குழாய்வளைப்பான்: இரண்டு கையும் குழாயைப் பிடித்திருக்கும், வாயில் ஊதுகுழாய். எதால் தூக்குவது?