ஆர்.ஓ.ஆர். (கப்பல் மோதல் தவிர்ப்பு) விதிகள் மனப்பாடம்; நிலைமையைக் கொடுத்தால் எந்த விதியில் தொடங்குவது?

கேள்வி: டெக்_கேடட்_சென்னை

அனைவருக்கும் வணக்கம். செகண்ட் மேட் (கப்பலின் இளநிலை அதிகாரி) தேர்வின் ஓரலுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். 1972-ஆம் ஆண்டின் மோதல் தவிர்ப்பு விதிகளை எண் வரிசைப்படி சொல்ல முடிகிறது. ஆனால் மேசையின் மேல் இரண்டு மாதிரிக் கப்பல்களை வைத்து, “நீ இந்தக் கப்பலில் இருக்கிறாய், அது அங்கே வருகிறது, என்ன செய்வாய்?” என்று கேட்டால், 13, 15, 17, 19 எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்து நிற்கின்றன.

குறிப்பாக ஒரு நிலைமை. நல்ல தெளிவான இரவு. என் ஸ்டார்போர்டு (வலது) பக்கத்தில், பீமுக்கு (கப்பலின் நேர் பக்கவாட்டுத் திசைக்கு) சற்றுப் பின்னால், ரிலேட்டிவ் பேரிங் (என் முன்முனையிலிருந்து அளக்கும் திசைக்கோணம்) ஏறத்தாழ 110 பாகையில் ஒரு கப்பல் நெருங்கி வருகிறது, பேரிங் மாறவில்லை. அது குறுக்கே வரும் கப்பலா, என்னை முந்தும் கப்பலா? முந்துவதாக இருந்தால் விலக வேண்டியது அது. குறுக்கே வருவதாக இருந்தால் விலக வேண்டியது நான். அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: சீஃப்_ஆபீசர்_டேங்கர்

தம்பி, முதலில் விதிகளின் கட்டமைப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். பகுதி ‘பி’ மூன்று பிரிவுகளாக இருக்கிறது. 4 முதல் 10 வரை எந்தப் பார்வைத்தெளிவிலும் பொருந்தும். 11 முதல் 18 வரை, கப்பல்கள் ஒன்றையொன்று கண்ணால் பார்க்கும்போது மட்டும் பொருந்தும். 19, மூடுபனி போன்ற பார்வைத்தெளிவு குறைந்த நிலைமைக்காகத் தனியாக நிற்கிறது. எனவே எந்த நிலைமையைக் கொடுத்தாலும் உங்கள் முதல் கேள்வி “அது எனக்கு வலப்பக்கமா?” என்பதாக இருக்கக் கூடாது, “நான் அதைக் கண்ணால் பார்க்கிறேனா, ரேடாரில் மட்டும் பார்க்கிறேனா?” என்பதாக இருக்க வேண்டும். மூடுபனியில் ரேடாரில் மட்டும் தெரியும் கப்பலுக்கு, குறுக்கே வரும் கப்பல்களுக்கான 15-ஆம் விதியைச் சொல்வதுதான் ஓரலில் நான் அடிக்கடி பார்த்த சறுக்கல். அங்கே ‘வழிவிடும் கப்பல்’, ‘போக்கு மாறாமல் செல்லும் கப்பல்’ என்ற பிரிவே கிடையாது. விலக வேண்டிய கடமை இருவருக்கும் உண்டு. பீமுக்கு முன்னால் இருக்கும் கப்பலுக்காக, அது நீங்கள் முந்திக்கொண்டிருக்கும் கப்பலாக இல்லாதவரை, போர்ட் (இடது) பக்கம் திருப்புவதை இயன்றவரை தவிர்க்க வேண்டும்; பீமிலோ அதற்குப் பின்னாலோ இருக்கும் கப்பலை நோக்கித் திருப்புவதையும் அப்படியே தவிர்க்க வேண்டும்.

இனி உங்கள் 110 பாகை. அந்தக் கப்பலின் எந்த விளக்கு உங்களுக்குத் தெரிகிறது என்பதை வைத்து இதைத் தீர்க்க முடியாது; உங்கள் எந்த விளக்கு அதற்குத் தெரிகிறது என்பதுதான் கேள்வி. பீமுக்கு 22.5 பாகைக்கும் மேல் பின்னாலிருந்து, அதாவது உங்கள் முன்முனையிலிருந்து 112.5 பாகையைத் தாண்டிய திசையிலிருந்து வந்தால், அதற்கு உங்கள் பின்விளக்கு மட்டுமே தெரியும், அது முந்தும் கப்பல். 110 பாகையில் உங்கள் வலப்பக்கப் பச்சை விளக்கு அதற்குத் தெரியும், எனவே குறுக்கே வரும் கப்பல். ஆனால் பக்க விளக்கின் ஒளி 112.5 பாகையில் கத்தியால் வெட்டியதுபோல நின்றுவிடுவதில்லை. எல்லையைத் தாண்டி 5 பாகை வரை அது மெல்ல மங்கிச் செல்ல விதிகளின் இணைப்பு 1 இடம் தருகிறது. கப்பலும் அலையில் அங்குமிங்கும் திரும்பிக்கொண்டே இருக்கும். எல்லைக்கோட்டின் அருகில் வரும் கப்பல் உங்கள் பச்சை விளக்கையும் பின்விளக்கையும் மாறி மாறிப் பார்க்கலாம்.

இதற்காகத்தான் சந்தேகம் இருந்தால் முந்துவதாகவே கருத வேண்டும் என்று 13-ஆம் விதி சொல்கிறது. கவனியுங்கள், அந்தச் சொல் பின்னால் இருந்து வரும் கப்பலுக்குச் சொல்லப்பட்டது. முன்னால் செல்பவர் “அவன் என்னை முந்துகிறான், விலகட்டும்” என்று கருதிக்கொள்ள அது இடம் தரவில்லை. நீங்கள் உங்களையே வழிவிட வேண்டியவராகக் கருதி, தூரம் இருக்கும்போதே, அதன் முன்புறமாகக் குறுக்கே போகாமல், வேகத்தைக் குறைத்தோ பெரிய அளவில் திசை மாற்றியோ விலகுவதாகச் சொல்லுங்கள்.

பதில் 2: குமரிக்_கடலோரம்

மேலே சொன்னது சரியே. நான் சேர்க்க விரும்புவது மீன்பிடி படகுகளைப் பற்றி. பயிற்சியில் பச்சைக்குக் கீழே வெள்ளை என்றால் இழுவலைப் படகு, சிவப்புக்குக் கீழே வெள்ளை என்றால் மற்ற வகை மீன்பிடிப்பு என்று படித்திருப்பீர்கள். நம் மேற்குக் கரையில் இரவில் பிரிட்ஜில் (கப்பலைச் செலுத்தும் மேல்தளத்தில்) நிற்கும்போது கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் அது அல்ல. வலையை அள்ளுவதற்காக டெக்கில் போட்டிருக்கும் பெரிய வெள்ளை விளக்கின் ஒளிவெள்ளம்தான். விதிப்படி காட்ட வேண்டிய விளக்குகளை மறைக்கும் வேறு விளக்குகளைக் காட்டக் கூடாது என்று 20-ஆம் விதி சொல்கிறது. ஆனாலும் நடைமுறை அப்படி இல்லாதபோது, அந்த ஒளிக்குள் படகு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, வலை எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதைப் பைனாகுலர் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மரப் படகும் ஃபைபர் படகும் ரேடாரில் பலவீனமாகவே விழும். அலை எழும்பினால் அதுவும் கரைந்துவிடும்.

2018 ஆகஸ்டில் கேரளத்தின் முனம்பம் கடலில் கப்பல் மோதி ஒரு விசைப்படகு மூழ்கியது. இறந்தவர்களில் எங்கள் குமரி மாவட்டம் ராமன்துறையைச் சேர்ந்தவர்களும் உண்டு. 5-ஆம் விதியில் கண்ணாலும் காதாலும் கண்காணிக்க வேண்டும் என்று எழுதியிருப்பதை ஒப்பித்துவிட்டுக் கடந்து போகாதீர்கள் என்று ஒவ்வொரு கேடட்டிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 3: ஓய்வுபெற்ற_மாஸ்டர்

பேரிங் மாறவில்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அதை எப்படி அறிந்தீர்கள் என்று தேர்வு நடத்தும் சர்வேயர் கட்டாயம் கேட்பார். பிரிட்ஜ் விங்கில் இருக்கும் கைரோ ரிப்பீட்டரில் (திசைகாட்டி முகப்பில்) அஜிமுத் சர்க்கிளை (திசை பார்க்கும் வளையத்தை) வைத்து, சில நிமிட இடைவெளியில் காம்பஸ் பேரிங் (வடக்கிலிருந்து அளக்கும் திசைக்கோணம்) எடுத்து எழுதிப் பார்த்தேன் என்று சொல்லுங்கள். ரிலேட்டிவ் பேரிங்கை நம்பாதீர்கள். உங்கள் ஹெட்டிங் (முன்முனை நோக்கும் திசை) மாறினாலே அதுவும் மாறிவிடும். பெரிய கப்பலையோ இழுத்துச் செல்லப்படும் கப்பலையோ நெருங்கும்போது, பேரிங் நன்றாக மாறினாலும் மோதும் அபாயம் இருக்கலாம் என்று 7-ஆம் விதி சொல்வதையும் மறக்க வேண்டாம்.

எடுக்கும் நடவடிக்கை பெரிதாக இருக்க வேண்டும் என்பதை விளக்க, 1956 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் நாண்டகெட் அருகே மோதிக்கொண்ட ஆண்ட்ரியா டோரியா, ஸ்டாக்ஹோம் கப்பல்களைக் குறிப்பிடலாம். இரண்டிலும் ரேடார் இருந்தது. இரண்டும் மற்றதை ரேடாரில் பார்த்தன. மூடுபனிக்குள் வந்துகொண்டிருந்த ஆண்ட்ரியா டோரியா, இடைவெளியைக் கூட்டுவதற்காகப் போர்ட் பக்கம் வெறும் 4 பாகை திருப்பியது. எதிர்க் கப்பலின் ரேடார் திரையில் அப்படிப்பட்ட திருப்பம் தெரியவே தெரியாது. மற்றக் கப்பலின் நகர்வை ஆண்ட்ரியா டோரியாவில் இருந்தவர்கள் பிளாட் செய்து (வரைந்து) பார்க்கவும் இல்லை. கடைசியில் ஒன்று போர்ட் பக்கமும் மற்றது ஸ்டார்போர்டு பக்கமும் திரும்பி மோதின. 51 பேர் இறந்தார்கள். சிறு சிறு திருப்பங்களை அடுத்தடுத்துச் செய்வதைத் தவிர்க்கச் சொல்லும் 8-ஆம் விதியின் வரியை இந்த நிகழ்வோடு சேர்த்துப் படித்தால் மறக்காது.

கேள்வி கேட்டவர்: டெக்_கேடட்_சென்னை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி, ஐயா. ஒரே ஒரு துணைக் கேள்வி. போர்ட் பக்கத்திலிருந்து குறுக்கே வரும் கப்பல் விலகவில்லை என்றால், போக்கு மாறாமல் செல்ல வேண்டிய நான் எப்போது கை வைக்கலாம்?

பதில்: ஓய்வுபெற்ற_மாஸ்டர்

17-ஆம் விதியில் மூன்று படிகள் இருக்கின்றன. முதலில் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் செல்ல வேண்டும். அடுத்தவர் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை என்பது தெளிவானவுடன் நீங்கள் நடவடிக்கை எடுக்கலாம். இருவரும் மிக நெருங்கிவிட்டு, அவருடைய நடவடிக்கை மட்டும் மோதலைத் தவிர்க்கப் போதாது என்ற நிலை வந்தால் நீங்கள் எடுத்தே தீர வேண்டும். இத்தனை மைல் என்று விதி தூரம் எதையும் சொல்லவில்லை. கப்பலின் நீளம், வேகம், திரும்பும் திறன் ஆகியவற்றைப் பொறுத்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன்பே ஐந்து குறும் ஒலிகளைக் கொடுத்து, லைட்டையும் ஐந்து முறை மின்னச் செய்து, மாஸ்டரை (கேப்டனை) அழைத்திருக்க வேண்டும்.

இரண்டாம் படியில் நடவடிக்கை எடுக்கும்போது, இயன்றவரை போர்ட் பக்கம் திருப்பாதீர்கள். அவர் தாமதமாக விழித்துக்கொண்டு ஸ்டார்போர்டு பக்கம் திருப்பினால், நீங்கள் இருவரும் ஒரே இடத்தை நோக்கித் திரும்பியவர்களாகிவிடுவீர்கள். நீங்கள் நடவடிக்கை எடுத்துவிட்டதால் அவருடைய வழிவிடும் கடமை தீர்ந்துவிடவில்லை என்று அந்த விதியின் கடைசிப் பிரிவு சொல்கிறது. பல மாணவர்கள் விட்டுவிடும் அந்தப் பிரிவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.