சொந்த கர்னல்ல டெர்மியோஸ்: உள்ள வைக்கணுமா, வெளிய தள்ளிடலாமா?

கோர்டம்ப்
ஹாபி கர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையம்) ஒண்ணு எழுதிட்டு இருக்கேன். கீபோர்டு இன்டரப்ட் வருது, ஸ்கிரீன்ல எழுத்து வருது, குட்டியா ஒரு ஷெல்லும் ஓடுது. அடுத்து டெர்மினல் செட்டிங்ஸ். போசிக்ஸ் (யூனிக்ஸ் மாதிரி சிஸ்டங்களுக்கான தரநிலை) சொல்ற டெர்மியோஸ், அதாவது டெர்மினல் செட்டிங் எல்லாத்தையும் வெச்சிருக்கற ஸ்ட்ரக்டை ஹெடர்ல டிஃபைன் பண்ண ஆரம்பிச்சேன், இன்புட் ஃபிளாக், அவுட்புட் ஃபிளாக், கண்ட்ரோல் ஃபிளாக், லோக்கல் ஃபிளாக்னு நாலு, கூட கண்ட்ரோல் கேரக்டர் அர்ரே, அதுவரைக்கும் சரி, ஆனா ஒவ்வொரு பிட்டா எழுத எழுத கடுப்பு தான் ஏறுது. சின்ன எழுத்தை பெரிய எழுத்தா மாத்த ஒரு பிட், டேப் பிரின்ட் ஆகுற வரைக்கும் மெஷினுக்கு டைம் குடுக்க ஒரு பிட், பேரிட்டிக்கு (சீரியல் லைன்ல பிழை கண்டுபிடிக்கறது) தனி கூட்டம். இதெல்லாம் எதுக்கு கர்னல்ல? கீபோர்டுல வந்த பைட்டை அப்படியே மேல குடுத்துட்டு, வரி எடிட்டிங், எக்கோ (அடிச்ச எழுத்தை ஸ்கிரீன்ல திரும்ப காட்டுறது) எல்லாத்தையும் ஒரு லைப்ரரில போட்டா போதும்னு நான் நினைக்கிறேன். வேண்டாம்னு சொல்றவங்க காரணத்தோட வாங்க.

சீரியல்சேகர்
வேண்டாம். காரணம் ஒண்ணே ஒண்ணு போதும்: கண்ட்ரோல் சி. உன் புரோகிராம் முடிவில்லாத லூப்ல மாட்டிக்கிச்சு, கீபோர்டை ரீட் பண்ணவே இல்ல, அப்போ அந்த லைப்ரரி கோடு எப்படி ஓடும்? யாரும் படிக்காத பைட்டை கர்னல் பாத்து, ஐசிக் பிட் (கீபோர்டுல இருந்து சிக்னல் அனுப்ப விடறது) ஆன்ல இருக்கு, வந்த எழுத்து 3, இது இன்டரப்ட் கேரக்டர், முன்னணில இருக்கற பிராசஸ் குரூப்புக்கு சிக்னல் அனுப்புனு முடிவு பண்ணணும். அதை முடிவு பண்ண அந்த செட்டிங் அதுக்கு தெரியணும்ல. அதுக்கு தான் ஸ்ட்ரக்ட்.

ரா_மோடு
@சீரியல்சேகர் ஜி, அது ஐசிக்குக்கு மட்டும் தான் வாதம், மிச்சத்துக்கு இல்ல. சிக்னல் ஒண்ணு கர்னல்ல இருக்கட்டும். ஐக்கேனன் (கர்னலே வரி வரியா திருத்தி குடுக்கற மோடு), எக்கோ, வேர்ட் இரேஸ், லைன் கில் இதெல்லாம் எதுக்கு?

ஒரு சோதனை பண்ணி பாருங்க. பேஷ் ஷெல் ப்ராம்ப்ட்ல எஸ்டிடிஒய் மைனஸ் ஏ (டெர்மினல் செட்டிங்கை காட்டுற கமாண்ட்) அடிச்சா ஐக்கேனன் ஆன், எக்கோ ஆன்னு காட்டும், நல்ல பிள்ளை மாதிரி. இப்போ அந்த விண்டோவை ப்ராம்ப்ட்லயே சும்மா விட்டுட்டு இன்னொரு விண்டோல இருந்து, முதல் விண்டோவோட டிவைஸ் பேரை மைனஸ் எஃப் போட்டு குடுத்து அதே கமாண்டை அடிங்க. ஐக்கேனன் ஆஃப், எக்கோ ஆஃப்! ஏன்னா ரீட்லைன் (பேஷோட வரி எடிட்டிங் லைப்ரரி) ப்ராம்ப்ட் காட்டுற ஒவ்வொரு தடவையும் கர்னலோட வரி எடிட்டிங்கை அணைச்சுட்டு தன் வேலையை தானே பண்ணுது, கமாண்ட் ஓட போகும்போது திரும்ப ஆன் பண்ணி விடுது. எடிட்டர், பேஜர், டிமக்ஸ், எஸ்எஸ்எச் (தூரத்து மெஷினுக்குள்ள போறது) கிளையன்ட் எல்லாமே இதே கதை. கர்னல் எழுதி வெச்ச எடிட்டரை யூஸ் பண்றது யாரு? கேட் கமாண்டும் பாஸ்வேர்டு கேக்குற இடமும், அவ்ளோ தான்.

சீரியல்சேகர்
அந்த அவ்ளோ தான்ல தான் விஷயமே இருக்கு. ரூட் ஃபைல் சிஸ்டம் மவுன்ட் ஆகாம, ஷேர்டு லைப்ரரி லோடு ஆகாம, எமர்ஜென்சி ஷெல்லுல சீரியல் கன்சோல்ல உக்காந்திருக்கும்போது பேக்ஸ்பேஸ் வேலை செய்யறது அந்த கர்னல் எடிட்டரால தான். பத்து வரி சி புரோகிராம் எழுதி ரீட் கூப்பிட்டா ஒரு முழு வரி திருத்தி முடிச்சு கைக்கு வருது, எந்த லைப்ரரியும் லிங்க் பண்ணாம. இதை விட்டுட்டா ஒவ்வொரு மொழியோட ரன்டைமும் தனக்கு தோணின மாதிரி பேக்ஸ்பேஸ் எழுதும், ஒண்ணுல கண்ட்ரோல் யூ வேலை செய்யும் இன்னொண்ணுல செய்யாது.

பக்_பத்மா
நடுவுல வர்றேன். வெளிய வைக்கறது முடியாத காரியம் ஒண்ணும் இல்ல, செஞ்சே காட்டியிருக்காங்க. கிநூ ஹர்டுங்கிற ஓஎஸ்ல டெர்ம்னு ஒரு யூசர் பிராசஸ் தான் டெர்மினல். மினிக்ஸ் 3-ல டிடிஒய் (டெர்மினல்) டிரைவர் தனி பிராசஸ். விண்டோஸ்ல லைன் இன்புட், எக்கோ இன்புட், பிராசஸ்டு இன்புட்னு அதே கருத்து பிட்டா இருக்கு, ஆனா அதை செயல்படுத்துறது கான்ஹோஸ்ட்ங்கிற சாதாரண பிராசஸ், விண்டோஸ் 7-ல இருந்து. பிளான் 9-ல போனா கன்சோல் கண்ட்ரோல் ஃபைல்ல ராஆன்னு எழுதினா ரா மோடு (பைட்டை எதுவும் மாத்தாம அப்படியே குடுக்கறது), அதோட முடிஞ்சுது, ஸ்ட்ரக்டும் கிடையாது பிட்டும் கிடையாது.

சீரியல்சேகர்
ஹர்டும் மினிக்ஸும் மைக்ரோகர்னல், அங்க ஃபைல் சிஸ்டமே வெளிய தான் இருக்கு, டிடிஒய் மட்டும் உள்ள இருந்தா தான் அதிசயம். அதோட ஹர்டுல இருக்கறதும் அதே டெர்மியோஸ் தான், அதே பிட்டுகள் தான். கோடு இடம் மாறிச்சு, குறையல. @கோர்டம்ப் கேட்டது குறைக்கறதை பத்தி.

ரா_மோடு
இடம் மாறினாலே லாபம் தான். லினக்ஸ் என்_டிடிஒய் ஃபைல்ல (டெர்மினல் கோடு இருக்கறது) 2009-ல நுழைஞ்ச ஒரு ரேஸ் (ரெண்டு வேலை ஒரே நேரத்துல மோதிக்கற பக்), எக்கோ ஆன், அவுட்புட் பிராசஸிங் ஆஃப், அந்த நிலைல ஒரே சூடோ டெர்மினலுக்கு (டெர்மினல் விண்டோக்கு பின்னாடி இருக்கற சாஃப்ட்வேர் டெர்மினல்) ஒரே நேரத்துல ரெண்டு பக்கம் எழுதினா பஃபர் தாண்டி எழுதிடும். 2014-ல தான் பிடிபட்டுச்சு, பாதுகாப்பு ஓட்டை எண் சிவிஇ-2014-0196. சாதாரண யூசர் ரூட் ஆகலாம்! வெறும் எக்கோ பண்ற கோடு அது. யூசர் பிராசஸ்ல இருந்திருந்தா அந்த பிராசஸ் செத்திருக்கும், அவ்ளோ தான். டிஐஓசிஎஸ்டிஐ இன்னொரு கொடுமை, யூசர் டைப் பண்ணின மாதிரியே பொய்யா எழுத்தை திணிக்க ஒரு ஐஆக்டில் (டிவைஸுக்கு கட்டளை குடுக்கற சிஸ்டம் கால்). ஓபன்பிஎஸ்டி 2017-ல தூக்கி எறிஞ்சுது, லினக்ஸ்ல 6.2-ல தான் அணைக்க ஒரு சுவிட்சே வந்துச்சு.

இன்னொண்ணு, செட்டிங் டிவைஸ் மேல ஒட்டிக்கிட்டு இருக்கறது. ரா மோடுல போன புரோகிராம் கிராஷ் ஆச்சுன்னா அவுட்புட் எல்லாம் படிக்கட்டு மாதிரி சரிஞ்சு போகுது, என்டர் அடிச்சா வேலை செய்யல, கண்ட்ரோல் ஜே, எஸ்டிடிஒய் சேன், மறுபடி கண்ட்ரோல் ஜேன்னு கண்ணு தெரியாம அடிக்கணும். பிராசஸ் செத்ததும் அதோட செட்டிங்கும் போகணும்னு ஏன் யாருக்கும் தோணல?

சீரியல்சேகர்
தோணியிருந்தா எஸ்டிடிஒய்ங்கிற கமாண்டே இருக்க முடியாது நண்பா. எஸ்டிடிஒய் என்ன பண்ணுது? செட்டிங்கை மாத்திட்டு செத்துப்போகுது. செத்ததும் பழைய நிலைக்கு திரும்பிடும்னா அது எதுக்கு? ஷெல், அதுக்கு கீழ எடிட்டர், பேக்ரவுண்ட்ல ஒரு ஜாப், மூணு பேரும் ஒரே டிவைஸை பங்கு போட்டுக்கறாங்க, செட்டிங் பிராசஸுக்கு சொந்தம்னா யாரோடதை கர்னல் மதிக்கணும்? நீ சொல்ற கிராஷ் பிரச்சினையை ஷெல் தான் கவனிக்கணும், ஜாப் முடிஞ்சதும் பழைய டெர்மியோஸை திரும்ப போடுற ஷெல்லுங்க இருக்கு, இசட்ஷெல்லுல அதுக்குன்னே டிடிஒய்சிடிஎல்னு ஒண்ணு குடுத்திருக்காங்க.

டிஐஓசிஎஸ்டிஐ பத்தி நீ சொன்னது சரி, அதை யாரும் டிஃபண்ட் பண்ணல.

கோர்டம்ப்
எஸ்டிடிஒய் பாயின்ட் நல்ல அடி. ஆனா எனக்கு எவ்ளோ எழுதணும்னு தான் இன்னும் தெரியல. லினக்ஸ் 0.11 சோர்ஸை எடுத்து பாத்தேன். அதுல கன்சோலுக்கு டிஃபால்ட் இவ்ளோ தான்: இன்புட்ல ஐசிஆர்என்எல் (என்டரை புது வரியா மாத்தறது), அவுட்புட்ல ஓபோஸ்டும் (அவுட்புட் பிராசஸிங்) ஓஎன்எல்சிஆரும் (புது வரியில கர்சரை வரி ஆரம்பத்துக்கு கொண்டு போறது), லோக்கல்ல ஐசிக், ஐக்கேனன், எக்கோ, எக்கோசிடிஎல் (கண்ட்ரோல் எழுத்தையும் காட்டுறது), எக்கோகேஇ (வரியை அழிச்சா ஸ்கிரீன்லயும் அழிக்கறது). சீரியல் லைனுக்கு இன்புட், அவுட்புட், லோக்கல் எல்லாம் பூஜ்யம், கண்ட்ரோல்ல மட்டும் 2400 பாட் வேகம், 8 பிட். 1024 பைட் பஃபர் மூணு: வந்தது ஒண்ணு, போறது ஒண்ணு, சமைச்சு முடிச்சது ஒண்ணு. காப்பி_டு_குக்டுன்னு ஒரு ஃபங்ஷன் முதல் பஃபர்ல இருந்து எடுத்து பிட்டை பாத்து பாத்து மூணாவதுல போடுது. இதை ஒரு உக்காருல எழுதிடலாம் போல இருக்கே.

சீரியல்சேகர்
அதை தான் சொல்றேன். ஸ்ட்ரக்ட் பெருசு, வேலை சின்னது. இன்னைக்கு லினக்ஸ் டிஃபால்ட் பாத்தாலும் கூட வந்தது ஐஎக்ஸ்ஆன் (கண்ட்ரோல் எஸ் அடிச்சா அவுட்புட்டை நிறுத்தறது), எக்கோஇ (பேக்ஸ்பேஸ் அடிச்சா ஸ்கிரீன்லயும் அழிக்கறது), எக்கோகே (வரியை அழிச்சதும் புது வரி காட்டுறது), ஐஎக்ஸ்டென் (கூடுதல் கண்ட்ரோல் எழுத்துகள்), அப்புறம் கண்ட்ரோல்ல நாலு பிட்டு. ஸ்பீடு 38400. அது ஏன் 38400னு கேட்டா சிரிப்பு வரும், பாட் ரேட்டுக்கு முதல்ல ஒதுக்கினது நாலே பிட், 0-ல இருந்து 15 வரைக்கும், 15 தான் 38400, அதோட இடம் தீந்துச்சு. 57600-க்கும் 115200-க்கும் தனியா ஒரு பிட்டை ஒட்டவெச்சாங்க, அதுவும் பத்தாம டெர்மியோஸ்2னு இன்னொரு ஸ்ட்ரக்ட் போட்டு ஸ்பீடை நேரடியா எண்ணா குடுத்தாங்க. நீ முதல்ல இருந்தே ஸ்பீடை ஃபிளாக்குக்குள்ள திணிக்காம தனி ஃபீல்டா வை.

இன்னொண்ணும் சொல்லிடறேன். விமின் (ரீட் திரும்ப குறைஞ்சது எத்தனை எழுத்து வேணும்), விடைம் (எவ்ளோ நேரம் காத்திருக்கணும்) ரெண்டுக்கும் அர்ரேல தனி இடம் குடு. சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ்ல விமினும் எண்ட் ஆஃப் ஃபைல் கேரக்டரும் ஒரே இடத்தை பங்கு போட்டுச்சு. அந்த கேரக்டர் கண்ட்ரோல் டி, அதோட மதிப்பு 4. ஐக்கேனனை மட்டும் அணைச்சுட்டு விமினை செட் பண்ண மறந்தா ரீட் நாலு எழுத்து வர்ற வரைக்கும் திரும்பாது. அம்புக்குறி கீயை அமுக்குவான், ஒண்ணும் நடக்காது, மறுபடி அமுக்குவான், மொத்தமா கொட்டும். போசிக்ஸ் இன்னும் அந்த பங்கு போடுறதை அனுமதிக்குது, நீ பண்ணாத.

பக்_பத்மா
சின்ன வேலைன்னு சொல்லாதீங்க சேகர் அண்ணே, நம்ம எழுத்தை டைப் பண்ணி பாத்துட்டு சொல்லுங்க. கேட் கமாண்டை ஓட விட்டு "அம்"னு அடிங்க. கோட்பாயின்ட் (யூனிகோட் எண்) மூணு (அ, ம, புள்ளி), யூடிஎஃப்-8-ல ஒவ்வொண்ணும் 3 பைட், மொத்தம் 9. ஐயூடிஎஃப்8 பிட் (இன்புட் யூடிஎஃப்-8னு கர்னலுக்கு சொல்றது) ஆஃப்ல இருந்தா ஒரு பேக்ஸ்பேஸுக்கு ஒரு பைட் தான் போகும், பஃபர்ல மிஞ்சுறது 8 பைட் குப்பை. சரி, பிட்டை ஆன் பண்ணுங்க, லினக்ஸ்ல 2.6.4-ல இருந்து இருக்கு, ஆனா கர்னல் டிஃபால்ட்ல இல்ல, டெர்மினல் எமுலேட்டர் தான் ஆன் பண்ணி விடுது. இப்போ பேக்ஸ்பேஸ் அடிச்சா பஃபர்ல இருந்து புள்ளி மட்டும் போகும், அது சரி. ஆனா ஸ்கிரீனுக்கு கர்னல் என்ன அனுப்புது? ஒரு இடம் பின்னாடி போ, ஸ்பேஸ் போடு, திரும்ப பின்னாடி போ. புள்ளிக்கு அகலமே இல்ல, அது ம தலை மேல உக்காந்திருக்கு. ஸோ ஸ்கிரீன்ல "ம்" முழுசா காணாம போகும், பஃபர்ல ம இன்னும் இருக்கும். இன்னொரு பேக்ஸ்பேஸ், ஸ்கிரீன் காலி, பஃபர்ல அ உயிரோட இருக்கு. என்டர் அடிச்சா பேய் மாதிரி அ திரும்ப வரும்.

அகலத்தை சரியா சொல்ல யூனிகோட் டேபிள் வேணும், அது வருஷா வருஷம் மாறும், ஃபாண்டை பொறுத்தும் மாறும். அதை போய் கர்னல்ல வைப்பீங்களா?

ரா_மோடு
👆 இதோட விவாதம் முடிஞ்சுது. அதோட 4095 பைட் லிமிட்டையும் சேத்துக்கோங்க, கேனானிக்கல் மோடுல (ஐக்கேனன் ஆன்) ஒரே வரியா நீளமான டோக்கனை பேஸ்ட் பண்ணினா 4095-க்கு மேல வர்றதை லினக்ஸ் சத்தமில்லாம கீழ போட்டுடும், எரரும் இல்ல எதுவும் இல்ல.

சீரியல்சேகர்
முடியல. பத்மா சொன்னது எக்கோ சரியா இல்லங்கிறதுக்கு ஆதாரம், செட்டிங் கர்னல்ல இருக்கக்கூடாதுங்கிறதுக்கு இல்ல. எஸ்எஸ்எச் எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. லோக்கல் டெர்மினலை ரா ஆக்கிட்டு, இங்க இருந்த செட்டிங்கை எல்லாம் அந்தப்பக்கம் அனுப்புது, எஸ்எஸ்எச் தரநிலையான ஆர்எஃப்சி 4254-ல ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு நம்பர் இருக்கு. ஐயூடிஎஃப்8-க்கு 42னு நம்பர் கிடைச்சது 2017-ல, ஆர்எஃப்சி 8160-ல. வேற வேற கர்னல் ஒண்ணோட ஒண்ணு பேசிக்க முடியுதுன்னா இந்த பிட்டுகளுக்கு எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரு அர்த்தம் இருக்கறதால தான். லைப்ரரிக்குள்ள ஆளாளுக்கு வெச்சுக்கிட்டா அந்தப்பக்கம் எதை அனுப்புவீங்க?

கோர்டம்ப்
சரி, நான் பண்ணப்போறது இது. ஸ்ட்ரக்ட் முழுசா இருக்கும், பிட் பேரெல்லாம் லினக்ஸ் மாதிரியே, அப்போ தான் போர்ட் பண்ற புரோகிராம் கம்பைல் ஆகும். உள்ள உண்மையா வேலை செய்யப்போறது ஐசிக், ஐக்கேனன், எக்கோ, எக்கோஇ, ஐசிஆர்என்எல், ஓபோஸ்ட், ஓஎன்எல்சிஆர், விமின், விடைம், ஐயூடிஎஃப்8. பாட் ரேட் சீரியல் டிரைவர் தலைவலி. மிச்ச பிட்டை எல்லாம் வாங்கி வெச்சுக்கிட்டு கண்டுக்காம விட்டுடுவேன், எப்படியும் டிசிசெட்அட்டர் (செட்டிங்கை மாத்தற ஃபங்ஷன்) கேட்டதுல ஏதாவது ஒண்ணு நடந்தாலே வெற்றின்னு சொல்லலாம்னு போசிக்ஸ் சொல்லுதே.

பக்_பத்மா
கண்டுக்காம விடு, ஆனா வாங்கி வெச்சுக்காத. சப்போர்ட் பண்ணாத பிட்டை செட் பண்ணினா அதை அழிச்சுட்டு தான் ஸ்டோர் பண்ணணும். போசிக்ஸ் அந்த சலுகை குடுத்ததே, ஒழுங்கான புரோகிராம் டிசிகெட்அட்டர் (செட்டிங்கை படிக்கற ஃபங்ஷன்) கூப்பிட்டு உண்மைல என்ன ஆச்சுன்னு சரி பாத்துக்கும்னு நம்பித்தான். நீ பொய்யான பிட்டை திருப்பி குடுத்தா அந்த சரிபார்ப்பே வீண். லினக்ஸ்ல ஒழுங்கான சீரியல் டிரைவருங்க இப்படி தான், கேட்ட ஸ்பீடு ஹார்டுவேர்ல வரலன்னா வந்த ஸ்பீடை திரும்ப எழுதி வைக்கும்.

ரா_மோடு
ஐஎக்ஸ்ஆன் லிஸ்ட்ல இல்லாததுக்கு மட்டும் ஒரு லைக். கண்ட்ரோல் எஸ் தெரியாம பட்டு டெர்மினல் உறைஞ்சு, மெஷினே ஹேங்குனு விண்டோவை மூடினவங்க எத்தனை பேரோ. ஆனா எக்கோஇ-யை கர்னல்ல வைக்கறது தப்பு தான், பத்மா சொன்ன "அம்" உன் கர்னல்லயும் அப்படியே நடக்கும்.

சீரியல்சேகர்
நடக்காம இருக்க யூனிகோட் டேபிள் எதுக்கு? ஒவ்வொரு எழுத்துக்கும் அகலம் கணக்கு பண்ணாம, வரி ஸ்கிரீன்ல ஆரம்பிச்ச இடத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டு, ஆஸ்கி இல்லாத எழுத்து அழியும்போது அந்த வரியை மட்டும் முதல்ல இருந்து திரும்ப எழுது. கண்ட்ரோல் ஆர் அடிச்சா புது வரில மொத்தத்தையும் திரும்ப எக்கோ பண்ற ரீபிரின்ட் ஏற்கனவே இருக்கு, அதே ஐடியா தான்.

பக்_பத்மா
வரி ரெண்டு ரோவுக்கு மடங்கி போச்சுன்னா எங்க இருந்து திரும்ப எழுதுவீங்க? கர்னலுக்கு விண்டோ சைஸ் தெரியும், ஆனா எந்த எழுத்துல மடங்குச்சுன்னு சொல்ல மறுபடி அகலம் தானே வேணும்.

கோர்டம்ப்
என் கன்சோல்ல எமுலேட்டரும் கர்னலுக்குள்ள தான் இருக்கு, அகலம் அதுக்கு தெரியும். அங்க மட்டும் லைன் டிசிப்ளின் (வரி எடிட்டிங், எக்கோ பண்ற கர்னல் பகுதி) கன்சோலை கேட்டுக்கட்டும். சூடோ டெர்மினல் இன்னும் எழுதவே இல்ல, அது வரும்போது மறுபடி வந்து அடி வாங்கிக்கறேன்.

ரா_மோடு
லைன் டிசிப்ளின் கன்சோல் டிரைவரை கேக்குதா? லேயர் கீயர் எல்லாம் கிடையாதா உன் கர்னல்ல?