மறு: எக்ஸ்11 ஃபார்வர்டிங் – தமிழில் என்ன?

வணக்கம்.

எஸ்எஸ்எச், அதாவது தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் நிரல்; அதன் கையேட்டின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். எக்ஸ் என்ற சாளர முறைமையில், அங்கே ஓடும் நிரலின் சாளரத்தை நம் திரையில் திறக்கும் வசதிதான் எக்ஸ்11 ஃபார்வர்டிங். மூன்று நாளாக இந்த ஒரு சொல்லில் நிற்கிறேன்.

> 'தொலைச்சாளரம்' என்று வைத்துவிடலாமே?

பொருள் தலைகீழாகிவிடும் ஐயா. தொலைவில் இருப்பது நிரல். சாளரம் நம் திரையில்தான் திறக்கிறது. எஸ்எஸ்எச் கட்டளையில் பெரிய எக்ஸ் என்ற தெரிவைச் (-X) சேர்த்துத் தொலைக்கணினிக்குள் போய், எக்ஸ்கிளாக் என்று தட்டிப் பாருங்கள். கடிகாரம் நம் முன்னால் வரும். முள் காட்டுவதோ அந்தக் கணினியின் நேரம். எந்தத் திரையில் வரைவது என்று நிரலுக்குச் சொல்லும் டிஸ்ப்ளே மாறியில் அங்கே பெரும்பாலும் லோக்கல்ஹோஸ்ட்:10.0 என்று இருக்கும். பக்கத்திலேயே ஒரு திரை இருப்பதாக எண்ணி நிரல் வரைகிறது. எஸ்எஸ்எச் அதை வாங்கி, மறையாக்கி, நம்மிடம் ஓடும் எக்ஸ் வழங்கியிடம் (சர்வர்), அதாவது திரையில் வரைந்து காட்டும் நிரலிடம், சேர்க்கிறது. ஆம், வழங்கி என்றாலே தொலைவில் இருப்பது என்று நினைப்போம்; இதில் அது நம் பக்கம். மாணவர்கள் தடுமாறுவதே இந்த இடத்தில்தான்.

'முன்னனுப்பல்' மின்னஞ்சலுக்குச் சரி, அனுப்பினால் முடிந்தது. இங்கே நம் ஒவ்வொரு சொடுக்கும் திரும்பிப் போக வேண்டும். அதனால் 'சாளரச் சுரங்கம்' என்கிறேன்.

> சுரங்கம் வடசொல். 'சுருங்கை' இருக்கிறதே?

இருக்கிறது, அழகான சொல். மதுரைக்குள் நுழையும் கோவலன் 'பெருங்கை யானை இனநிரை பெயரும் சுருங்கை வீதி' வழியாகத்தான் போகிறான். யானைக் கூட்டமே போய்வரும் மறைவழி! மணிமேகலையிலும் சுருங்கைத் தூம்பு வருகிறது. வடமொழிச் சுருங்காவே கிரேக்கத்துச் சிரிங்ஸிலிருந்து வந்தது என்போர் உண்டு. நம் சுருங்கை எந்தப் பக்கத்து உறவு என்பதை இன்னொரு நாள் பேசுவோம். என் தடை வேறு. அதே கையேட்டில் பெரிய சி என்ற தெரிவுக்குச் 'சுருக்கம்' என்று எழுதியிருக்கிறேன், தரவைச் சுருக்கி அனுப்புவது. அதன் பக்கத்தில் சுருங்கை என்று வந்தால் படிப்பவர் எதை நினைப்பார்?

எக்ஸைத் தமிழாக்குவது வேண்டாம். டபிள்யூ என்ற சாளர முறைமைக்கு அடுத்து வந்ததால் அந்த எழுத்து, அவ்வளவுதான். 11 என்பது 1987இல் வந்த பதிப்பு.

———

ஐயா, சுரங்கமும் ஆகாது. சின்ன டபிள்யூ தெரிவைப் பார்த்தீர்களா? அது டன் (tun) என்ற மெய்நிகர் பிணையக் கருவி வழியாகப் பிணையத்தையே இணைப்பது; கையேட்டில் அதற்குத்தான் டனல் என்று பெயர். சுரங்கத்தை அதற்கு விட்டுவிடுங்கள். இதற்கு 'மடைமாற்றம்' போதும். துறை மடைமாற்றம் (போர்ட் ஃபார்வர்டிங்), சாளர மடைமாற்றம் என்று ஒரே குடும்பமாக நிற்கும். வயல் பார்த்தவர் யாருக்கும் விளங்கும்.

———

சின்ன டபிள்யூவை நான் பார்க்கவில்லை. நீங்கள் சொல்வது சரி, சுரங்கத்தை விட்டுவிடுகிறேன்.

ஆனால் மடைமாற்றத்தில் மனம் ஒப்பவில்லை. செய்தித்தாளில் அந்தச் சொல் வருவதே ஒரு திட்டத்தின் நிதியை வேறொன்றுக்குத் திருப்பும்போதுதான். அப்புறம், மடையை மாற்றினால் நீர் ஒரு பக்கம்தான் ஓடும். சொடுக்கு திரும்பிப் போவதை அது சொல்லவில்லை. 'கடத்தல்' என்றவருக்கும் இதே பதில்: பாதுகாப்பான இணைப்பைப் பற்றிய நூலில் அந்தச் சொல்லை எப்படி வைப்பது?

நான்கு பேர் மடைமாற்றம் என்றுவிட்டீர்கள். நாளை வெள்ளி. 'எக்ஸ்11 சாளர மடைமாற்றம்' என்றே அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் 'இருவழி' என்ற சொல்லை மட்டும் முன்னால் சேர்த்திருக்கிறேன். அதை எடுக்கச் சொல்லாதீர்கள்.