புதுப்பிப்பு: சேர்வராயன் மலையில் வன உரிமை மனுவும் ஊருக்குள் பிளவும்

"ஒரே ஊரில் இருக்கிற மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுக்கு மட்டும் மனு சுலபமாகப் போகிறது, காபித் தோட்டக் கூலிகளுக்கு மட்டும் ஏன் இழுக்கிறது?" என்ற கேள்வியோடு போன பதிவு நின்றது. மனஸ்தாபத்துக்கு வேர் 2006 வன உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து வனநிலத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம் காட்ட வேண்டும். பிழைக்க வந்த கூலிக்காரரிடம் 75 வருடக் காகிதம் எங்கே இருக்கும்? பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் வாங்குங்கள். ஆனால் மனுதாரரே சாட்சியாகக் கூடாது, குறைந்தது இரண்டு சான்று வேண்டும்.

இன்னொரு குழப்பம்: எஸ்டேட் பட்டா நிலத்தில் இருக்கும் லைன் வீட்டுக்கு (தோட்டம் கொடுத்த வரிசை வீடு) இந்தச் சட்டம் பொருந்தாது. அது தோட்டத் தொழிலாளர் சட்டங்களின் விவகாரம். இதைத் தெரியாமல் வனநில உரிமை கேட்கும் படிவம் ஏ நிரப்பி, நிராகரித்ததும் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர்மேல் பழி போடுகிறார்கள்.

பெரும்பாலும் கிராம சபையில்தான் சறுக்கும். சபை உறுப்பினர்களில் பாதிப்பேர் வந்தாக வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தீர்மானம் போடும் நாளில் மனுதாரர்களிலும் பாதி இருக்க வேண்டும். காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் கூலிக்காரர்கள் வரமாட்டார்கள், ஒருநாள் கூலி போய்விடும். அதனால் சாயங்காலமாக வையுங்கள். வீட்டில் இருக்கும் பெண்ணின் கையெழுத்தைப் பிறகு வாங்கிச் சேர்ப்பது வேண்டாம், எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான்.

சபை தள்ளினால் கோட்ட அளவிலான குழுவுக்கு மேல்முறையீடு, 60 நாளுக்குள். தீர்மான நகலை அன்றே கேட்டு வாங்குங்கள்.